வார்டிலிருந்து திரும்பி வரும் தட்டுகள்: கேள்வி பதில்

பினாங்கில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் உணவியல் நிபுணராகப் பல வருடம் இருக்கிறேன். அங்கே மிஞ்சும் சாப்பாடு பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அக்கா, அறுவை சிகிச்சை முடிந்து அப்பா வார்டில் இருக்கிறார். பாதித் தட்டு அப்படியே திரும்பிப் போகிறது. சமையல் சரியில்லையா? (பட்டர்வொர்த்)

சமையல் ஒரு காரணம், அவ்வளவுதான். மருந்தால் நாக்கு கசக்கும். பல்செட் வீட்டில் இருக்கும். தட்டு வரும் நேரம் பார்த்து ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். மூடியைத் திறக்கவே சிலருக்குத் தெம்பு இருக்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டி மூன்று நாள் மீனைத் தொடவில்லை. குறிப்பில் 'பசியில்லை' என்றிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கேட்டேன். "புரட்டாசிம்மா, சைவம்" என்றார். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டிய நாட்களில் அவர் வெறும் சோற்றோடு இருந்திருக்கிறார். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது. அதனால் சேர்க்கும்போதே தாதியிடம் சைவமா, மெல்ல முடியுமா என்று சொல்லிவிடுங்கள். முழுத்தட்டு அதிகம் என்றால் அளவைக் குறைக்கச் சொல்லலாம். முட்டை, மீன், பருப்பை முதலில் ஊட்டுங்கள், கஞ்சி அப்புறம்.

தொடாத தட்டை ஆதரவற்றோர் இல்லங்களுக்குக் கொடுக்கலாமே?

வார்டுக்குள் போன தட்டைக் கொடுக்கவே கூடாது, தொற்று பயம் இருக்கிறது. சமையலறையை விட்டு வெளியே போகாத உணவு வேறு. 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ வைத்திருந்தால் கொடுக்கலாம். நல்ல மனதோடு பாதுகாப்பான உணவைக் கொடுப்பவர்களுக்காக 2020-இல் நம் மலேசியாவில் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டமே வந்திருக்கிறது.

மருத்துவமனைக்குச் சமைத்துக் கொடுக்கிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது, அக்கா? (பிறை)

தராசிலிருந்து, தம்பி. நறுக்கும்போது கழிவது, பரிமாறாமல் மிஞ்சுவது, தட்டில் மிஞ்சுவது மூன்றையும் தனித்தனி வாளியில் போட்டு ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள். இரண்டாவது வாளி கனத்தால் ஆள் கணக்கில்தான் கோளாறு. காலையில் எடுத்த கணக்குக்கு மதியம் சமைத்தால், நடுவில் டிஸ்சார்ஜ் ஆனவருக்கும் ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் இருப்பவருக்கும் சேர்த்து உலை வைத்திருப்பீர்கள். சமைப்பதற்குச் சற்று முன்னால் வார்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

மிச்சத்தை உரமாக்கலாமா?

காய்த்தோலை ஆக்கலாம். பூலாவ் பூரோங் குப்பைமேட்டில் புதைந்தால் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவைத்தான் கிளப்பும். வார்டிலிருந்து வந்த மிச்சத்தை இதில் கலக்காதீர்கள்.

வீட்டுச் சாப்பாடு கொண்டுபோவது தப்பா?

தப்பில்லை. உப்பு, சர்க்கரைக் கட்டுப்பாடு உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரிக்குக் கொண்டுவருவதாக மத்தியானமே தாதியிடம் சொன்னால், நாங்கள் ஒரு தட்டு குறைத்துப் போடுவோம்.