சிம் கார்டு இல்லாத ஒரு பழைய கைப்பேசி

கேள்வி: ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்கு ஆர்வம் உண்டாக்க வகுப்பறையில் தொழில்நுட்பத்தை எவ்வாறு பயன்படுத்தலாம்?

கோத்தகிரிக்கு அருகில் ஒரு நடுநிலைப்பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளும், சுற்றியுள்ள ஹட்டிகள் எனப்படும் சிற்றூர்களிலிருந்து வரும் படுகர் வீட்டுப் பிள்ளைகளும் என் வகுப்பில் ஒன்றாகப் படிக்கிறார்கள். வீட்டில் ஒரு மொழி, கடைவீதியில் ஒரு மொழி என்று பேசிப் பழகிய பிள்ளைகளுக்கு இன்னொரு மொழி பாரமாக இருக்கக் காரணமே இல்லை. இருந்தும் ஆங்கில வகுப்பில் அவர்கள் வாயைத் திறப்பதில்லை என்றால், தப்பாகச் சொன்னால் பக்கத்து பெஞ்சு சிரித்துவிடும் என்ற கூச்சம்தான் அதற்குக் காரணம். ஆகவே, எந்தக் கருவி அந்தக் கூச்சத்தைக் குறைக்கும் என்று கேள்வியைச் சற்றே திருப்பி வைத்துக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன்.

ஸ்மார்ட் போர்டு வந்த முதல் வாரம் வகுப்பே திருவிழாவாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் அதுவும் இன்னொரு கரும்பலகையாகிவிட்டது; படம் ஓடும்போது பிள்ளைகள் ஆசையாகப் பார்த்தார்கள், நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்டால் பழையபடி தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுத்து, மதிப்பெண் ஏறும் வினாடி வினா விளையாட்டு ஒன்றை நடத்தினேன். ஒவ்வொரு முறையும் அதே நான்கு பேர் முன்னால் நின்றார்கள். தங்கள் பெயர் கடைசியில் தெரிவதை எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால் மற்றவர்கள் முன்பைவிடவும் ஒதுங்கிக்கொண்டார்கள். அது என்னுடைய தவறு. விளையாட்டு என்று பெயர் வைத்துவிட்டால் தோற்பவனுக்கு வலிக்காது என்று எண்ணியிருந்தேன்.

நிலைமை மாறியது, சிம் கார்டு இல்லாத என் பழைய கைப்பேசியை வகுப்புக்கு எடுத்துச் சென்ற பிறகுதான். பேசுவதை எழுத்தாக்கும் வசதியை அதில் திறந்து வைத்து, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் கொடுத்தேன். அவனுடைய அம்மா கொழுந்து பறிப்பவர். இலை என்பதற்கான 'லீஃப்' என்ற சொல்லை அவன் சொன்னான்; திரையில் துள்ளலைக் குறிக்கும் 'லீப்' வந்தது. மறுபடியும் சொன்னான், மறுபடியும் அதே துள்ளல். வகுப்பு சிரித்தது, ஆனால் இம்முறை கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், காற்று கசிய வேண்டும் என்று நான் பலமுறை சொல்லியும் ஏறாத செய்தி, திரையில் சரியான எழுத்து விழ வேண்டும் என்ற பிடிவாதத்தில் ஏறிவிட்டது. மணி அடித்த பிறகும் நாலைந்து பேர் அந்தக் கைப்பேசியைச் சுற்றி நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். முழு வாக்கியமாகப் பேசினால், முன்பின் சொற்களை வைத்து ஊகித்துக் கருவியே பிழையைத் திருத்திக்கொள்வது உண்டு. தனிச் சொல்லாகச் சொன்னால் அந்த ஊகத்துக்கு இடம் குறைவு. எனவே உச்சரிப்புப் பயிற்சிக்குத் தனிச் சொற்களையும், தன்னம்பிக்கை வளர்க்க முழு வாக்கியங்களையும் கொடுக்கிறேன். கருவி தப்பாக எழுதுவதெல்லாம் பிள்ளையின் பிழையும் அன்று. தெளிவாகப் பேசும் பிள்ளையையே அது தடுமாற வைப்பதுண்டு, அப்போது நான் பிள்ளையின் பக்கம்தான் நிற்பேன்.

இரண்டாவது கருவி வெறும் குரல் பதிவு. முதல் முறை தம் குரலைக் கேட்டபோது பலரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். பிடிக்காத பதிவை அழித்துவிட்டு மறுபடியும் பேசலாம் என்று தெரிந்ததும் பென்சிலில் எழுதுவது போன்ற துணிவு வந்தது. ஆனால் பதிவைக் கேட்க ஆசிரியரைத் தவிர வேறு ஆள் வேண்டும். மேட்டுப்பாளையத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவரின் வகுப்போடு, பெற்றோரின் ஒப்புதல் பெற்று, முகம் இல்லாமல் குரலை மட்டும் பரிமாறிக்கொள்ள ஏற்பாடு செய்தோம். கோத்தகிரிக்கு ரயில் கிடையாது. அங்கோ மலை ரயில் அவர்களுடைய ஊரிலிருந்துதான் புறப்படுகிறது. 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் உதகை வரைக்கும் ஓடத் தொடங்கிய கதையையும், 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றதையும் அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பினார்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் சட்டம் இருப்பதை விளக்க ஒரு சிறுமி 'த ரயில் ஹாஸ் டீத்' என்றாள். அந்த வாக்கியத்தை என் வகுப்பு இன்றும் சொல்லிச் சிரிக்கிறது. 'டூத்' பன்மையில் 'டீத்' ஆவதை அதன் பிறகு நான் நடத்த வேண்டியிருக்கவில்லை.

நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் சாய்ந்து மின்சாரம் போகும். சில சரிவுகளில் சிக்னலே இராது. ஆகவே குரலை எழுத்தாக்கும் வசதிக்கான மொழித் தொகுப்பையும், பாடநூலின் கியூஆர் கோடு வழி கிடைக்கும் காணொளிகளையும் முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுகிறேன். காணொளியை முக்கால் வேகத்தில் ஓடவிட்டால் பின்வரிசையும் பின்தொடர்கிறது. இவ்வளவுக்கும் பெரிய செலவு எதுவும் இல்லை.

கடைசியாக வந்த பதிவில், 'உங்கள் ஊரில் ஸ்னோ விழுமா?' என்று மேட்டுப்பாளையத்துச் சிறுவன் கேட்டிருந்தான். பாதி வகுப்பு ஆம் என்றது, ஏனெனில் விடியற்காலையில் புல்லில் நிற்கும் துளியும், ரோட்டை மறைக்கும் மூட்டமும், உதகைப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் தேயிலையைக் கருக்கும் உறைபனியும் பேச்சில் நமக்குப் பனிதான். டியூ, மிஸ்ட், ஃப்ராஸ்ட் என்று மூன்றாகப் பிரித்து, இவற்றில் எதுவும் ஸ்னோ இல்லை என்று விளக்குவதற்கு இரண்டு வகுப்புகள் ஆயின. யார் பேசுவது என்று கேட்டபோது, 'லீஃப்' சொல்லத் திணறிய மாணவன் கையைத் தூக்கி, "ஃப்ராஸ்ட்டை மட்டும் நான் சொல்றேன் மிஸ்" என்றான். நான்கு முறை அழித்துவிட்டு ஐந்தாவது பதிவைத்தான் அனுப்பச் சொன்னான்.