முதலாளி போன் செய்வதில்லை

அன்புள்ள ஐயா,

கார்ப்பரேட் முதலாளிகள் கைக்குப் போன செய்தி நிறுவனங்கள் ஆட்சியில் இருப்பவர்களுக்கு அடங்கிப்போகின்றன என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம். என் அக்கா மகன் சென்னையில் ஒரு செய்தி சேனலில் டெஸ்க்கில் வேலை செய்கிறான். நான்கு வருடமாகிறது. "முதலாளியை நான் ஆயுத பூஜை அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறேன் மாமா. இதைப் போடு, அதைப் போடாதே என்று ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை" என்கிறான். அவன் பொய் சொல்கிற பையன் இல்லை.

இன்னொன்று. நெருக்கடி நிலையின்போது இந்திரா காந்தியை எதிர்த்து நின்ற ராம்நாத் கோயங்காவும் பெரிய முதலாளிதானே? அவரிடம் பணமும் ஆள்பலமும் இருந்ததால்தான் இந்தியன் எக்ஸ்பிரஸ் தாக்குப்பிடித்தது. சின்னப் பத்திரிகை என்றால் ஒரு வாரத்தில் மூடியிருப்பார்கள். அப்படியிருக்க, முதலாளி பெரியவர் என்பதையே ஒரு குற்றமாகப் பேசுவது சரியா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் அக்கா மகன் சொல்வதை நான் முழுக்க நம்புகிறேன். ஏனென்றால் நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

இருபத்தாறு வயதில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். ஒரு நாள் மாவட்ட நிருபர் ஒரு செய்தி அனுப்பினார். ஓர் ஆலையின் கழிவுநீர் ஊர்க் கிணறுகளில் கலக்கிறது, மக்கள் கலெக்டரிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். மனுவின் நகல் இருந்தது, கிணற்றின் படம் இருந்தது. நான் அதை நான்கு பத்தியில் வைத்தேன். இரவு பக்கம் முடிக்கிற நேரத்தில் செய்தி ஆசிரியர் அதை எடுத்துவிட்டு, "நாளைக்குப் பார்க்கலாம்ப்பா" என்றார். குரலில் கோபம் இல்லை. மறுநாள் அது வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. அந்த ஆலைக்காரரின் இன்னொரு நிறுவனம் எங்களுக்கு வாராவாரம் முழுப்பக்க விளம்பரம் தருகிறது என்று விளம்பரப் பிரிவு நண்பர் டீக்கடையில் சொன்னார். ஆறு மாதம் கழித்து அதே நிருபரிடமிருந்து அதே போல இன்னொரு செய்தி வந்தது. இந்த முறை செய்தி ஆசிரியர் கை வைக்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. நானே ஆறு வரியாகச் சுருக்கி உள்பக்கத்தில் போட்டேன். யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. அந்த ஆறு வரி இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அதனால் "யாராவது போன் செய்தார்களா" என்று கேட்டுப் பயனில்லை. நான் வேறு இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன். செய்தி நிறுவனத்தின் முதலாளிக்கு வேறு என்னென்ன தொழில் இருக்கிறது, அதில் அரசு கை வைத்தால் அவருக்கு எவ்வளவு போகும்? ஆசிரியரை வீட்டுக்கு அனுப்ப யாரால் முடியும்?

கோயங்காவுக்கு வருகிறேன். அவரைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. 1975 ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கப் பகுதியை வெற்றிடமாக விட்டு அச்சிட்டது. அரசு அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவையே மாற்றியமைத்து தொழிலதிபர் கே.கே. பிர்லாவைத் தலைவராக உட்கார வைத்தது. மின்சாரத்தைத் துண்டித்தார்கள். கோயங்கா விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மனிதரின் துணிச்சலை நான் எந்த நாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அதே கோயங்காவின் கதையில் தமிழர்களுக்குத் தெரிந்த இன்னொரு பக்கம் உண்டு. 1934-இல் தொடங்கிய தினமணியின் முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம். அந்தப் பத்திரிகைக்குக் குணம் கொடுத்தவர் அவர்தான். 1943-இல் கோயங்காவின் நிர்வாகத்தோடு முரண்பட்டு அவர் வெளியேறினார். அவரோடு சேர்ந்து வெளியேறியவர்களில் புதுமைப்பித்தனும் ஒருவர். அப்புறம் அவர்கள் 'தினசரி' என்று ஒரு பத்திரிகை நடத்தினார்கள், அது நீண்ட நாள் நிற்கவில்லை. பிற்காலத்தில் ஆசிரியர் அருண் ஷோரியை எக்ஸ்பிரஸிலிருந்து கோயங்கா இரண்டு முறை அனுப்பினார். கோயங்காவே 1971-இல் விதிஷா தொகுதியில் ஜனசங்கத்தின் சார்பில் வென்று நாடாளுமன்றம் போனவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக இங்கே இரண்டு சுதந்திரங்கள் இருக்கின்றன. அரசிடமிருந்து பத்திரிகைக்கு இருக்கும் சுதந்திரம் ஒன்று. முதலாளியிடமிருந்து ஆசிரியருக்கு இருக்கும் சுதந்திரம் இன்னொன்று. கோயங்கா முதலாவதற்காகச் சிறைக்குப் போகவும் தயாராக இருந்தவர். இரண்டாவதை அவர் தன் விருப்பத்துக்கு உட்பட்டுத்தான் கொடுத்தார். ஒரு துணிச்சலான முதலாளி அமைந்துவிட்டால் நம் அதிர்ஷ்டம், அமையாவிட்டால் என்ன செய்வது என்பதுதான் நம் பிரச்சினை.

அமையாத கதையும் அதே காலத்தில் அதே டெல்லியில் நடந்தது. பி.ஜி. வர்கீஸ் 1969 முதல் இந்துஸ்தான் டைம்ஸின் ஆசிரியர். அதற்கு முன் இந்திரா காந்தியிடமே தகவல் ஆலோசகராக இருந்தவர். முதலாளி, மேலே சொன்ன அதே கே.கே. பிர்லா. பிர்லா குழுமத்துக்கு இருந்த தொழில்கள் எத்தனை! லைசென்ஸ் ராஜ்ஜியம் நடந்த நாட்கள் அவை. ஒரு ஆலையை விரிவாக்க வேண்டுமென்றால்கூட டெல்லியில் கையெழுத்து வாங்க வேண்டும். 1974-இல் சிக்கிமை இந்தியாவோடு இணைக்க எடுக்கப்பட்ட நடவடிக்கைகளை வர்கீஸ் தலையங்கத்தில் கடுமையாக விமர்சித்தார். பிரதமருக்குப் பிடிக்காததை எழுதியது அது ஒன்று மட்டுமல்ல. அவருக்குப் பதவிநீக்க நோட்டீஸ் வந்தது. வாசகர்களும் பத்திரிகையாளர்களும் எதிர்த்தார்கள், விவகாரம் பத்திரிகைப் புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சிலுக்குப் போனது. வழக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போதே நெருக்கடி நிலை வந்துவிட்டது. 1975 செப்டம்பரில் வர்கீஸ் வெளியே. 1976 ஜனவரியில் பிரஸ் கவுன்சிலே கலைக்கப்பட்டது. அந்த 1975-இல்தான் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

பிர்லா கெட்டவர், கோயங்கா நல்லவர் என்று இதைச் சுருக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. முதலாளியின் மற்ற தொழில்களின் எடை எவ்வளவு என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1971 ஜூனில் வியட்நாம் போர் பற்றிய ரகசியமான பென்டகன் ஆவணங்கள் கையில் கிடைத்தபோது, அந்த நிறுவனம் அதே வாரத்தில்தான் பங்குச்சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. வெளியிட வேண்டாம் என்று வக்கீல்கள் தடுத்தார்கள். பத்திரிகையை நடத்திய குடும்பத்தின் தலைவி கேத்தரின் கிரஹாம் வெளியிடச் சொன்னார். அடுத்து, அதிபர் நிக்சனைப் பதவி விலகவைத்த வாட்டர்கேட் ஊழல். ஃப்ளோரிடாவில் அந்த நிறுவனத்துக்கு இருந்த தொலைக்காட்சி நிலையங்களின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று எதிர்ப்பு மனுக்கள் போயின. பங்கு விலை பாதியாகச் சரிந்தது. அரசு கை வைக்கக்கூடிய தொழில் அந்தக் குடும்பத்துக்கும் இருந்தது, வலித்தது. ஆனால் அவர்களுடைய தொழிலின் நடுவில் இருந்தது பத்திரிகை. அதன் பெயர் கெட்டால் மிச்சமெல்லாம் கெட்டுவிடும்.

2013-இல் ஜெஃப் பெஸோஸ் அதை 25 கோடி டாலருக்கு வாங்கினார். அவருக்கு அது சின்னத் தொகை. அமேசானின் கிளவுட் சேவைக்கு அமெரிக்க அரசு பெரிய வாடிக்கையாளர். அவருடைய ப்ளூ ஆரிஜினுக்கு நிலவில் இறங்கும் கலம் செய்ய 2023-இல் நாசா கொடுத்த ஒப்பந்தம் மட்டும் 340 கோடி டாலர். சொல்லியாக வேண்டும், பல ஆண்டுகள் அவர் செய்தி விஷயத்தில் தலையிடாமல்தான் இருந்தார். 2024 அக்டோபர் 25 அன்று, தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, இனி அதிபர் வேட்பாளர் யாரையும் ஆதரிக்கப்போவதில்லை என்று பத்திரிகை அறிவித்தது. கமலா ஹாரிஸை ஆதரிக்கும் தலையங்கம் அதற்குள் எழுதப்பட்டிருந்தது. அறிவிப்பு வந்த அதே நாளில் ப்ளூ ஆரிஜின் தலைமை அதிகாரி டிரம்ப்பைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு தனக்கு முன்பே தெரியாது, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று பெஸோஸ் எழுதினார். நான் அதை மறுக்கப்போவதில்லை, மறுக்கவும் தேவையில்லை. அதே கட்டுரையில் அவரே ஒப்புக்கொண்டார்: தன் நிறுவன ஆட்கள் எப்போதும் அரசு அதிகாரிகளைச் சந்தித்துக்கொண்டேதான் இருப்பார்கள், நலன்கள் மோதுவது போலத் தோன்றும் விஷயத்தில் தான் போஸ்ட்டுக்கு ஏற்ற முதலாளி இல்லை என்று. இதைவிட நேராக நான் சொல்லிவிட முடியாது.

சில நாட்களில் இரண்டரை லட்சம் பேர் சந்தாவை நிறுத்தினார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த அடி விழுந்தது யார் மேல்? பெஸோஸுக்கு அது காசே இல்லை. நகராட்சி ஊழலைத் தேடி அலையும் நிருபருக்குத்தான் சம்பளம் பறிபோகும். சந்தாவை நிறுத்த வேண்டாம் என்று அங்கிருந்த பத்திரிகையாளர்களே வாசகர்களைக் கெஞ்சியது எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. பத்திரிகையால் வாழும் முதலாளி வாசகருக்குப் பயப்படுவார். பத்திரிகை ஓரமாகக் கிடக்கும் தொழில்களில் ஒன்று என்றால் வாசகர் கையில் எந்த ஆயுதமும் இல்லை.

நம் நாட்டில் இதற்குத் தொலைவில் போக வேண்டாம். என்டிடிவியின் நிறுவனர்கள் தங்கள் முதலீட்டு நிறுவனத்துக்காக 2009-10-இல் வட்டியில்லாமல் 403.85 கோடி ரூபாய் கடன் வாங்கினார்கள். அதைப் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமை கடன் கொடுத்த நிறுவனத்துக்கு இருந்தது. 2022 ஆகஸ்டில் அந்த நிறுவனத்தையே அதானி குழுமம் வாங்கி, உரிமையைப் பயன்படுத்தி, சேனலின் 29.18 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. தங்களைக் கலந்து பேசவே இல்லை என்றார்கள் நிறுவனர்கள். ஆண்டு முடிவதற்குள் குழுமத்தின் பங்கு 64 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நவம்பர் 30-ஆம் தேதி சேனலின் பிரபல செய்தியாளர் ரவீஷ் குமார் விலகினார். துறைமுகம், விமான நிலையம், நிலக்கரி, மின்சாரம் என்று அந்தக் குழுமம் செய்யும் தொழில்களில் அரசின் கையெழுத்து தேவைப்படாதது எது என்று யோசித்துப் பாருங்கள். அங்கே வேலை செய்கிற பையனுக்கு யார் போன் செய்ய வேண்டும்?

எழுத்தில் உறுதி வாங்கினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். 1981-இல் ரூபர்ட் முர்டாக் லண்டன் டைம்ஸை வாங்கியபோது ஆசிரியரின் சுதந்திரத்தில் கை வைக்க மாட்டேன் என்று அரசிடமே உறுதிமொழி கொடுத்தார். அவர் நியமித்த ஆசிரியர் ஹரால்ட் எவன்ஸ் ஒரு வருடம்தான் இருந்தார், 1982 மார்ச்சில் வெளியே போனார். கார்டியனைப் போல 1936-லேயே ஓர் அறக்கட்டளையிடம் பத்திரிகையை ஒப்படைத்துவிடுவதும் உண்டு. அங்கேயும் சண்டை உண்டு, பணக்கஷ்டம் உண்டு. ஆனால் ஆசிரியர் அறைக்கு மேல் மாடியில் துறைமுகக்காரர் இல்லை.

சட்டமும் யாருக்கும் தோன்றாத விஷயமில்லை. பத்திரிகை உரிமையை மற்ற தொழில்களிலிருந்து பிரிக்க வேண்டும் என்று இரண்டாவது பிரஸ் கமிஷன் 1982-இல் சொன்னது. பெருநிறுவனங்களும் அரசியல் கட்சிகளும் செய்தி ஊடகத்துக்குள் வருவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2014 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு, ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. எந்தக் கட்சியின் ஆட்சியும் அதைச் சட்டமாக்கவில்லை. தமிழ்நாட்டில் பெரிய கட்சிகளைச் சுற்றி எத்தனை சேனல்கள் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். யார் இதைக் கேட்பார்கள்?

உங்கள் அக்கா மகனிடம் எனக்காக ஒன்று சொல்லுங்கள். ஒரு சின்ன நோட்டு வாங்கி ஒரு மாதம் எழுதிப் பார்க்கட்டும். வந்த செய்திகளை எழுத வேண்டாம். காலைக் கூட்டத்தில் சொல்லலாம் என்று மனதில் வந்து, "இது வேண்டாம், போகாது" என்று அவனே வாய்க்குள் விழுங்கிய செய்திகளை மட்டும், தேதி போட்டு, எந்த ஊர், யாரைப் பற்றி என்று எழுதட்டும். நான் அந்த வயதில் அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தால் அந்த இரண்டாவது கிணறு இருந்த ஊரின் பெயராவது இன்றைக்கு எனக்கு நினைவிருக்கும்.