கிரியேட்டினின் நார்மல், இ.ஜி.எஃப்.ஆர். 58: டயாலிசிஸ் வருமா?

கேள்வி: வயது 58. நெல்லிக்குப்பத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். பத்து வருடமாகச் சர்க்கரை. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த லேப் கொடுத்த ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.4, நார்மல். கீழேயே இ.ஜி.எஃப்.ஆர். 58, குறைவு. கொண்டுவந்த பையன், "இப்படியே விட்டால் டயாலிசிஸ்தான், நல்ல பொடி ஒன்று இருக்கிறது" என்கிறான். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கிட்னி ரத்தத்தை எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்பதற்கான உத்தேசக் கணக்குதான் இந்த 58. கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினோடு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் போடுவது. உங்கள் வயதுப் பெண்ணுக்கு இதே 1.4 வந்திருந்தால் கணக்கு 44 வரை இறங்கும். அப்படியிருந்தும் பல லேப்களில் எல்லோருக்கும் ஒரே 'நார்மல்' அளவை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். எத்தனை வருடம் சொன்னாலும் மாற்ற மாட்டேன் என்கிறார்கள்.

ஒரு தடவை 58 வந்ததை வைத்து நோய் என்று சொல்ல முடியாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முந்தின நாள் சாப்பிட்ட கறி, வலி மாத்திரை எதுவும் அதைக் குறைத்துக் காட்டும். 60-க்குக் கீழேயே மூன்று மாதம் நின்றால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்போம். அப்படியே நின்றாலும் உங்கள் நிலையில் டயாலிசிஸைவிட மாரடைப்பும் பக்கவாதமும்தான் பெரிய பயம். அதனால் பிரஷர் 130/80-க்குள் இருக்கட்டும், பீடி சிகரெட் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

இதைவிட முக்கியம், காலை முதல் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். 30-க்கு மேல் போனால் வடிகட்டி ஒழுகுகிறது என்று பொருள். கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் செக்கப் பேக்கேஜ்களைப் பாருங்கள், தைராய்டு, வைட்டமின் என்று நீளமான பட்டியல் இருக்கும், பெரும்பாலும் இது மட்டும் இருக்காது. மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்த பிறகு சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடம் மாத்திரை சாப்பிட்டும் இந்த ஒரு யூரின் டெஸ்ட் பார்க்காமலே கால் வீங்கி வந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இனி அந்தப் பொடி. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, பயமுறுத்தி, அதே வாயால் மருந்தும் விற்பவர் உங்கள் உடம்பைப் பற்றிக் கவலைப்படவில்லை, கமிஷன் பார்க்கிறார். லேபிளும் தயாரிப்பு உரிம எண்ணும் இல்லாத டப்பாப் பொடிகளில் பாதரசம், ஈயம் இருந்து, நன்றாக இருந்த கிட்னியே கெட்டுப்போனதுண்டு. பட்டம் பெற்ற சித்த மருத்துவரை நான் சொல்லவில்லை. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் இதே ரகம்தான். இன்னொருவர் வந்து மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்வார். 58-ல் நிறுத்த வேண்டியதில்லை. 45-க்குக் கீழே அளவைக் குறைப்போம், 30-க்குக் கீழேதான் நிறுத்துவோம்.

ஒரு விதிவிலக்கு. நம் பக்கத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, யூரினிலும் அல்புமின் அதிகமில்லை, ஆனால் வடிகட்டும் வேகம் மட்டும் இறங்கிக்கொண்டே வருபவர்கள் புதுச்சேரியைச் சுற்றியுள்ள பகுதிகளில் இருக்கிறார்கள். பலர் வெயிலில் வேலை செய்யும் விவசாயக் கூலிகள். ஜிப்மர் மருத்துவர்கள் இதை 2020-ல் 'தொண்டைமண்டல நெஃப்ரோபதி' (நெஃப்ரோபதி என்றால் சிறுநீரக நோய்) என்று பெயரிட்டு எழுதினார்கள். காரணம் இன்னும் முடிவாகவில்லை. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் உங்கள் கதை வேறு. ஆனால் வீட்டில் கரும்பு வெட்டவோ நடவுக்கோ போகிறவர் இருந்தால், யூரின் சுத்தமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அவருக்கு யூரின் டெஸ்ட் மட்டும் போதாது, கிரியேட்டினினும் வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

நீங்கள் இந்த வாரமே யூரின் டெஸ்ட் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து, முந்தின நாள் கறி சாப்பிடாமல், அதே லேபில் கிரியேட்டினின் திரும்பப் பாருங்கள். இரண்டு ரிப்போர்ட்டையும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போங்கள். அல்புமின் 30-க்கு மேல் வந்திருந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.