உப்பை எடுத்தால்தான் சமையல்: அரபு சீஸ் கேள்வி பதில்

கேள்வி: ஷார்ஜாவில் இருக்கிறோம். ஆசைப்பட்டு நாபுல்சி சீஸ் வாங்கினால் ஒரே உப்பு. கெட்டுப்போனதா?

பதில்: இல்லை, கெட்டுப்போகாமல் இருக்கத்தான் அந்த உப்பு. பாலஸ்தீனத்தில் நாப்லஸ் பக்கம் ஆடுகள் வசந்த காலத்தில்தான் தாராளமாகக் கறக்கும். அந்தப் பாலை ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிடக் கண்ட வழி இது. சீஸைக் கட்டிகளாக வெட்டி, உப்புத்தண்ணீரில் கொதிக்கவிட்டு, உப்புத்தண்ணீரிலேயே போட்டு வைப்பார்கள். வாசனைக்கு மஹ்லப் என்ற காட்டுச் செர்ரிக் கொட்டையின் பருப்பும் மஸ்திகா பிசினும் சேரும். சில வீடுகளில் கருஞ்சீரகமும்.

மெல்லிய துண்டுகளாக நறுக்கிப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். மூன்று நான்கு தடவை தண்ணீர் மாற்றி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறட்டும். காலையில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள். தோசைக்கல்லில் போட்டுச் சாப்பிட லேசாக உப்பு இருக்கலாம். குனாஃபா என்ற சீஸ் இனிப்புக்கு என்றால் துளிகூட இருக்கக் கூடாது. மேலே சர்க்கரைப் பாகு ஊற்றப்போகிறோமே. உப்பு இறங்கிய நாபுல்சி சூட்டில் நூல் நூலாக இழுபடும். குனாஃபாவின் உயிரே அதுதான்.

கேள்வி: குனாஃபாவுக்குப் பனீர் போட்டால்?

பதில்: வேண்டாம். பனீர் புளிப்பால் திரித்தது, சூட்டில் உருகாது. உப்பு எடுத்த அக்காவி என்ற வெள்ளை அரபு சீஸையும் மொஸரெல்லாவையும் கலந்து போடுங்கள், நிறைய வீடுகளில் இதுதான் நடக்கிறது.

கேள்வி: நாங்கள் சைவம். ரென்னட் (பாலை உறையவைக்க, வழக்கமாகக் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது) இல்லாத அரபு சீஸ் உண்டா?

பதில்: லப்னே இருக்கிறது. தயிரில் உப்புப் போட்டு, துணியில் கட்டித் தொங்கவிட்டு வடிப்பது. ரொட்டியில் தடவி மேலே ஆலிவ் எண்ணெய் விட்டால் காலை உணவு முடிந்தது. எகிப்தின் அரீஷ் சீஸும் ஆடை எடுத்த பால் தானே புளித்து உறைவதுதான். தக்காளியோடு பிசைந்து சாப்பிடுவார்கள். பாக்கெட் சரக்கு என்றால் எதற்கும் லேபிளைப் பாருங்கள். அதே எகிப்தில் பல வீடுகளிலும் இருக்கும் தும்யாத்தி என்ற வெள்ளை சீஸ் ரென்னட் போட்டது. அதில் ஒரு விசேஷம்: மற்ற சீஸ்களுக்குப் பால் உறைந்த பிறகு உப்பு, இதற்குப் பாலிலேயே உப்பு.

கேள்வி: கல் மாதிரி வெள்ளை உருண்டை ஒன்று ஜோர்டான் கடையில் பார்த்தேன். அதுவும் சீஸா?

பதில்: அது ஜமீத். ஆட்டு மோரை வடித்து, உப்பிட்டு, உருட்டிக் காயவைத்தது. சீஸ் கணக்கில் சேர்ப்பதா என்று வாதாடலாம், நான் சேர்ப்பேன். கரக் ஊர் ஜமீதுக்குத் தனி மவுசு. உடைத்து ராத்திரி ஊறவைத்து, மிக்ஸியில் அடித்து, கறி வெந்த தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் மன்சஃப் என்ற ஜோர்டான் கறிச்சோற்றுக்கான குழம்பு. கொதி வரும்வரை கை விடாமல் கிளற வேண்டும், இல்லாவிட்டால் திரிந்துவிடும். மோர்க்குழம்பு வைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022-இல் மன்சஃப் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இந்தக் குழம்புக்கு மட்டும் ருசி பார்க்காமல் உப்புப் போடாதீர்கள்.

கேள்வி: ஷங்க்லீஷ் என்ற நாள்பட வைத்த சீஸ் உருண்டையின் நாற்றம் தாங்கவில்லை. எப்படித்தான் சாப்பிடுகிறார்கள்?

பதில்: சிரியாவிலும் லெபனானிலும் அதைத் தனியாகக் கடிப்பதில்லை. உதிர்த்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளி போட்டு, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கிளறுங்கள். ரொட்டியில் அள்ளிச் சாப்பிடலாம். அப்படியும் பிடிக்கவில்லையா, பக்கத்து வீட்டு லெபனான்காரருக்குக் கொடுத்துவிடுங்கள், சந்தோஷப்படுவார்.