எஸ்தர் பயந்ததைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா?

சகோதரி, பைபிளில் வரும் ராணி எஸ்தர், தன் யூத ஜனங்களைக் காப்பாற்ற ராஜாவிடம் போகத் தயங்கியதைச் சொன்னால் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் அவளை விசுவாசம் இல்லாதவள் என்று நினைப்பார்களோ, அந்த இடத்தை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள், கதையே அங்கேதான் இருக்கிறது.

எஸ்தர் புத்தகத்தின் நாலாம் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். அழைக்காமல் உள்முற்றத்துக்குள் போனால் சாவு. ராஜா பொற்செங்கோலை நீட்டினால்தான் உயிர். அவளை அழைத்து 30 நாள் ஆகிவிட்டது. இவ்வளவும் தெரிந்துதான் மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொல்கிறாள், "நான் செத்தாலும் சாகிறேன்" என்கிறாள். பிழைத்து வருவேன் என்று எங்கேயும் சொல்லவில்லை.

எபிரெய எஸ்தரில் கடவுளின் பெயர்கூட வராது. கிரேக்க வடிவத்தில் நீண்ட ஜெபம் உண்டு. ஆனால் அதிலும் ராஜாவின் கோபமுகத்தைப் பார்த்ததும் மயங்கி விழுகிறாள், பாவம்!

வகுப்பில் ஒரு பையனை ராஜாவாக உட்காரவைத்து, கையில் ஒரு ஸ்கேல் கொடுங்கள். எஸ்தர் வாசலில் நிற்கட்டும். உடனே நீட்டாதே, மனசுக்குள் பத்து வரை எண்ணு என்று அவன் காதில் சொல்லிவையுங்கள். அந்தப் பத்து நொடியில் பயம் தானாகப் புரிந்துவிடும்.

அப்புறம், யூதர்களை அழிக்கப் பார்த்த ஆமானின் 50 முழத் தூக்குமரம் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். அதை வேண்டுமானால் விட்டுவிடுங்கள்.