அடித்த கொசுவில் இருந்த ரத்தம் யாருடையது?

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறோம். ஆறு குடும்பம், ஒரே வாசல். பக்கத்து வீட்டு அண்ணன் லாரி ஓட்டுகிறார். அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது போன மாதம் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் கொசு பிடுங்கி எடுக்கிறது. என் ஏழு வயது மகள் கையில் உட்கார்ந்த கொசுவை அன்று அடித்தேன், திட்டாக ரத்தம். அது அவருடைய ரத்தமாக இருந்தால்? அவர்கள் கட்டிலில் மூட்டைப்பூச்சியும் உண்டு, மகள் அவர்கள் பெண்ணோடு விளையாடி அங்கேயே தூங்கிவிடுவாள். அவர்களைக் காலி செய்யச் சொல்லலாம் என்று மற்ற வீட்டுக்காரர்கள் பேசுகிறார்கள். நான் என்ன செய்ய? – ஒரு வாசகி

பதில்: முதலில் உங்கள் வயிற்றில் பாலை வார்த்துவிடுகிறேன். கொசுக்கடியால் எச்.ஐ.வி. வராது. அந்த ரத்தத் திட்டு அந்த அண்ணனுடையதாகவே இருந்திருந்தாலும் உங்கள் மகளுக்கு ஒன்றும் ஆகாது, கையைக் கழுவினால் முடிந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இன்று ராத்திரி மறுபடி பயம் வந்துவிடும். கொசுவின் வாயை நாம் டாக்டர் வைத்திருக்கும் ஊசி மாதிரி நினைத்துக்கொள்கிறோம், ஒருவரிடம் உறிஞ்சியதை அடுத்தவர் உடம்பில் செலுத்திவிடும் என்று. அப்படி இல்லை. நம் கண்ணுக்கு ஒரே முள்ளாகத் தெரியும் அதற்குள் மயிரிழை போன்ற ஆறு ஊசிகள் இருக்கின்றன. ஒரு வழியில் எச்சில் இறங்குகிறது, இன்னொரு வழியில் ரத்தம் ஏறுகிறது, இரண்டும் கலப்பதில்லை. ஏறிய ரத்தம் வயிற்றுக்குப் போய்ச் செரித்துவிடும், அதிலிருக்கும் எச்.ஐ.வி. கிருமியும் சேர்ந்தே செரித்துப்போகும். அந்தக் கிருமி பெருக வேண்டுமென்றால் மனித ரத்தத்தில் உள்ள ஒருவகை வெள்ளை அணு வேண்டும், அது கொசுவிடம் இல்லை. வாய் நுனியில் ஒட்டியிருப்பது இருக்கிறதே என்பீர்கள். ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. நோயாளிக்குப் போட்ட ஊசி நர்ஸ் கையில் தவறிக் குத்திவிட்டால்கூட தொற்று வருவது 1000 பேரில் சுமார் 3 பேருக்குத்தான். கொசு முள்ளில் ஒட்டியிருப்பது அந்த ஊசியில் இருப்பதற்குப் பக்கத்தில்கூட வராது.

உங்களுக்கு வந்த இதே பயம் 1980களின் நடுவில் அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து பெல் கிளேட் என்ற ஊருக்கும் வந்தது. ஏழை விவசாயத் தொழிலாளர் ஊர், கொசு ஏராளம், எய்ட்ஸும் அதிகம். கொசுதான் காரணம் என்று பேச்சு கிளம்ப, அரசு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். கொசு பரப்பியிருந்தால் வாசலில் விளையாடும் பிள்ளைகளுக்குத்தானே அதிகம் வந்திருக்க வேண்டும்? 2 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளைச் சோதித்தபோது ஒருவருக்கும் இல்லை. உடலுறவும் ஊசியும்தான் அங்கே வழி.

மூட்டைப்பூச்சிக்கும் இதே பதில்தான். எச்.ஐ.வி. போலவே ரத்தம் வழியாகப் பரவி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி மூட்டைப்பூச்சியின் உடம்பில் இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டு வீடுகளில் மருந்தடித்து மூட்டைப்பூச்சியைக் குறைத்துப் பார்த்தபோதும் குழந்தைகளுக்கு அந்தத் தொற்று வருவது குறையவில்லை. இந்தக் கிருமிகளெல்லாம் பரவும் வழி வேறு: பாதுகாப்பில்லாத உடலுறவு, பலருக்கும் ஒரே ஊசி போடும் போலி டாக்டர், திருவிழாவில் ஊசி மாற்றாமல் பச்சை குத்துவது, அடுத்தவர் பிளேடு, தாயிடமிருந்து பிள்ளைக்கு. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, மகளுக்குப் போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் அந்த அண்ணன் விஷயம். அவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி சோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழியாகக்கூட மனைவிக்குப் பரவாது. அப்படிப்பட்டவரை வாசலில் கொசு இருக்கிறது என்று விரட்டுவதா? 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, இந்த நோயைக் காரணம் காட்டி வாடகை வீடு மறுப்பதும் காலி செய்யச் சொல்வதும் தப்பு. வீட்டு ஓனரிடம் யாராவது போய்ப் பேசுவதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு இதைச் சொல்லுங்கள். அந்த அண்ணனின் மனைவிக்குச் சோதனை செய்துகொள்ள வேண்டுமென்றால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம், ரகசியமாக வைப்பார்கள். சந்தேகம் கேட்க 1097-க்குப் போன் செய்யலாம். உங்கள் மகளை எப்போதும் போல விளையாட அனுப்புங்கள். ஒரு வாரம் நிறுத்தி வைத்தால் அந்தப் பெண் குழந்தைக்குக் காரணம் புரியாவிட்டாலும் வலி புரியும்.

உங்கள் பயம் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, டெங்கு. டெங்கு கிருமி கொசுவின் வயிற்றில் செரிப்பதில்லை, குடலில் பெருகி, 8 முதல் 12 நாளில் எச்சில் சுரப்பிக்கு வந்துவிடும், அதன்பின் அந்தக் கொசு சாகும்வரை கடிக்குக் கடி பரப்பும். இருட்டிய பிறகு உங்களைப் பிடுங்குவது பெரும்பாலும் சாக்கடைக் கொசு. டெங்குக் கொசு பகலில் கடிக்கும், காலில் வெள்ளை வரி இருக்கும், நல்ல தண்ணீரில்தான் பிறக்கும். நம் பக்கம் ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் டிரம் டிரம்மாகப் பிடித்து வைக்கிறோம் இல்லையா, அதுதான் அதற்குத் தொட்டில். பாலக்கோட்டில் ஒரு வீட்டில் நீல டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், வெளிச்சம் பட்டதும் அத்தனை புழுவும் நெளிந்து அடியில் இறங்கியது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உள்சுவரில் கறுப்புப் பொடி மாதிரி முட்டை ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் பொரிக்கும். வாரம் ஒருமுறை தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூடி வையுங்கள்.

யாருக்காவது காய்ச்சல் வந்தால் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள், பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு வீட்டு டிரம்மில் பிறந்த கொசு ஆறு வீட்டையும் கடிக்கும் என்பதால், ஒரே நாளில் ஆறு வீட்டுக்காரரும் சேர்ந்து கழுவுங்கள், அந்த அண்ணன் வீட்டையும் சேர்த்துத்தான் ஆறு.