அரங்குக்குத் தெருவாசல் வேண்டாம்: மவுஸால் சர்வர் நடத்துவோரின் கேள்விகள்

சர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நாகர்கோவிலில் இருப்பார். கமாண்ட் அடிக்காமல், பட்டன் அமுக்கியே அதை நடத்த முடியுமா என்று மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கேட்டிருந்தீர்கள். சின்னக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் 12 வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மார்த்தாண்டம், ரப்பர் ஷீட் கடை: அண்ணே, பில் போடுகிற சாப்ட்வேருக்காக மாத வாடகைக்கு ஓர் உபுண்டு (லினக்ஸ்) சர்வர் எடுத்தேன். உள்ளே போனால் கருப்புத் திரைதான், ஒன்றும் புரியவில்லை. மவுஸ் வைத்துப் பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு தம்பி. சர்வரை பிரவுசரில் வைத்து நடத்த உதவும் காக்பிட் என்ற சாப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள். அந்தக் கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி, "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் காக்பிட்", அடிக்க வேண்டியிருக்கும். அப்புறம் பிரவுசரிலேயே 9090 என்ற போர்ட்டில் (சர்வருக்குள் போகும் எண் போட்ட வாசல்) திறக்கும். சர்வரில் உங்களுக்கு இருக்கிற அதே பெயர், அதே பாஸ்வேர்டுதான். மெமரி எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு, எந்த சர்வீஸ் (பின்னால் ஓடும் புரோகிராம்) நின்றுவிட்டது, சர்வரின் குறிப்பேடான லாக்கில் என்ன வந்திருக்கிறது என்று எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். நீங்கள் பார்க்காத நேரத்தில் அது மெமரியைப் பிடித்து வைப்பதில்லை, யாராவது வந்து தட்டினால்தான் எழும். 1 ஜிபி மெமரி உள்ள சர்வருக்கு இது பெரிய ஆறுதல்.

இதே மாதிரி வெப்மின் என்று இன்னொன்று உண்டு. அது இதைவிடப் பழையது, 1997-லிருந்து இருக்கிறது. அதன் போர்ட் 10000. மெயில், டிஎன்எஸ், அப்பாச்சி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் வைத்திருக்கும். பல டொமைன்களை வைத்து ஹோஸ்டிங் நடத்துகிறவர்களுக்கு அது ஏற்றது. ஒரு கடைக்கு காக்பிட் போதும்.

தக்கலை, ஆடிட்டர் அலுவலகம்: சர்வரிலேயே டெஸ்க்டாப் போட்டு விண்டோஸ் மாதிரிப் பயன்படுத்தினால் என்ன சார்?

சின்ன சர்வரில் வேண்டாம் சார். எளிய டெஸ்க்டாப் என்று சொல்லப்படும் எக்ஸ்எஃப்சிஇ கூடச் சில நூறு எம்பி மெமரியைப் பிடித்துக்கொள்ளும். ஏதாவது ஒரு சாப்ட்வேர் ஜன்னல் இல்லாமல் ஓடவே ஓடாது என்றால் தூரத்து டெஸ்க்டாப்பை உங்கள் திரையில் காட்டும் எக்ஸ்2கோ போடுங்கள், அது எஸ்எஸ்எச் (சர்வருக்குள் போகும் பாதுகாப்பான வழி) வழியாகவே போகிறது. அதே வேலையைச் செய்யும் விஎன்சியை மட்டும் அப்படியே இணையத்தில் திறந்துவிடாதீர்கள். அதன் பழைய பாஸ்வேர்டு முறை முதல் 8 எழுத்தைத்தான் பார்க்கும். நீங்கள் 20 எழுத்து வைத்தாலும் மிச்சம் வீண்.

குளச்சல், மீன் ஏற்றுமதிக் கணக்கு: அண்ணா, வீட்டிலிருந்தும் பார்க்கலாமே என்று 9090-ஐ எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறேன். லாக்கில் தெரியாத ஐபிகளிலிருந்து (இணைய முகவரிகள்) பாஸ்வேர்டு தவறு என்று வரிசையாக வந்து நிற்கிறது. பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது தங்கச்சி. இன்றைக்கே மூடிவிடுங்கள். வருவது உங்களைத் தெரிந்த ஆள் இல்லை, ஐபிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகிற புரோகிராம்கள். பாஸ்வேர்டு கெட்டியாக இருந்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. 2019 ஆகஸ்டில் வெப்மினில் ஒரு விஷயம் வெளியே வந்தது. அதைத் தயாரிக்கிற சர்வருக்குள்ளேயே யாரோ புகுந்து, நிரலில் ஒரு கள்ள வழி வைத்திருந்தார்கள். 1.890 பதிப்பைப் போட்டவர்களின் சர்வரில் பாஸ்வேர்டே இல்லாமல் நுழைந்து எதையும் செய்ய முடிந்தது. 10000-ஐ வெளியே காட்டாமல் வைத்திருந்தவர்களை வெளி ஆள் எட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை.

நம் நாஞ்சில்நாட்டுப் பழைய வீடுகளில் அரங்கு வீட்டுக்கு உள்ளேதான் இருக்கும். நகையும் பத்திரமும் இருக்கிற அறைக்குத் தெருவிலிருந்து தனி வாசல் வைப்போமா? முன்வாசல் வழியாக வந்துதான் அங்கே போக வேண்டும். இங்கே முன்வாசல் எஸ்எஸ்எச், அரங்கு காக்பிட்.

விண்டோஸில் எஸ்எஸ்எச் வழியாகப் போக உதவும் புட்டி இருந்தால், அதற்குள் ஒரு டனல் (சுரங்க வழி) போட இப்படிச் செய்யுங்கள். உங்கள் செஷனை லோடு செய்துவிட்டு, இடப்பக்கம் கனெக்‌ஷன், அதற்குள் எஸ்எஸ்எச், அதற்குள் டனல்ஸ். சோர்ஸ் போர்ட்டில் 9090. டெஸ்டினேஷனில் லோக்கல்ஹோஸ்ட் (ஒரு கம்ப்யூட்டர் தன்னையே குறிக்கும் பெயர்), ஒரு முக்காற்புள்ளி (:), 9090. பக்கத்தில் உள்ள 'ஆட்' பட்டனை அமுக்குங்கள்; பலரும் இதை விட்டுவிட்டுத்தான் வேலை செய்யவில்லை என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். அமுக்கியதும் மேலே உள்ள பெட்டியில் எல்9090 என்று ஒரு வரி வந்து உட்காரும். மறுபடி செஷன் பக்கம் போய் சேவ் செய்துவிட்டு ஓப்பன். லாகின் ஆனதும் அந்த ஜன்னலைச் சுருக்கி வைத்துவிட்டு, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 9090 என்று அடித்துத் திறங்கள். சான்றிதழ் எச்சரிக்கை வரலாம். அது சர்வர் தானே போட்டுக்கொண்ட சான்றிதழ், டனலுக்குள் வருவதால் தொடரலாம். இது சரியாக வந்ததைப் பார்த்த பிறகு, எந்த போர்ட் வெளியே திறந்திருக்கலாம் என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலில் 9090-ஐ மூடுங்கள். எஸ்எஸ்எச்சுக்கும் பாஸ்வேர்டை விட்டுக் கீ முறைக்கு (உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் சாவிக் கோப்பைக் காட்டி நுழைவது) மாறிவிடுங்கள்.

மூடும்போது எஸ்எஸ்எச்சின் போர்ட்டான 22 திறந்தே இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். ஒருமுறை நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்கு பஸ்ஸில் போகும்போது, போனிலேயே ஒரு கடை சர்வரின் ஃபயர்வால் பக்கத்தைத் திறந்து வேண்டாத வரிகளை நீக்கினேன். அதில் எஸ்எஸ்எச்சும் போய்விட்டது. ஏற்கனவே திறந்திருந்த இணைப்பு அறுபடாததால் எனக்குத் தெரியவில்லை. வில்லுக்குறி தாண்டும்போது சிக்னல் போனது. திரும்ப வந்தபோது உள்ளே போக வழியில்லை. வீட்டுக்கு வந்து, சர்வர் வாடகைக்குக் கொடுத்தவர்களின் பேனலில் இருக்கும் கன்சோல் (சர்வரின் திரையையே நேராகக் காட்டும் ஜன்னல்) வழியாகத்தான் அதைத் திரும்பத் திறந்தேன். உங்கள் பேனலில் அந்தக் கன்சோல் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

தோவாளை, பூ மொத்த வியாபாரம்: விடியற்காலை மார்க்கெட் நேரத்தில் ஆர்டர் பக்கம் திறக்கவில்லை. காக்பிட்டில் மைஸ்க்யூஎல் (எங்கள் டேட்டாபேஸ்) ஃபெயில்டு என்று காட்டியது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மறுபடியும் விழுகிறது.

ஸ்டோரேஜ் பக்கத்தைப் பாருங்கள். பட்டை கடைசி வரை நிறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். டிஸ்க்கில் இடம் இல்லாவிட்டால் டேட்டாபேஸ் எழுத முடியாமல் விழும், எத்தனை தடவை எழுப்பினாலும் விழும். நான் பார்த்த கடைகளில் காரணம் பெரும்பாலும் பேக்கப்தான்: ராத்திரிதோறும் எடுக்கிற நகல் அதே டிஸ்க்கிலேயே மாதக்கணக்கில் குவிந்து கிடக்கும். சர்வரின் ஃபைல்களை மவுஸால் எடுக்க உதவும் வின்எஸ்சிபியில் அந்த ஃபோல்டரைத் திறந்து, கடைசி நகலை உங்கள் கம்ப்யூட்டருக்கு இறக்கிவிட்டு, பழையதை அழியுங்கள். பிறகு சர்வீஸ் பக்கத்தில் ஸ்டார்ட் கொடுங்கள். இடம் தேடும்போது வார், அதற்குள் லிப், அதற்குள் மைஸ்க்யூஎல் என்ற ஃபோல்டரும் பெரிதாகக் கண்ணில் படும். அதில் கை வைக்கவே கூடாது. உங்கள் கணக்கு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

அருமனை, கம்ப்யூட்டர் சென்டர்: மழைக்காலத்தில் பாதி அப்டேட்டில் லைன் போய்விடுகிறது அண்ணே. காக்பிட்டின் அப்டேட் பக்கமோ, நெட் இருந்தும் ஆஃப்லைன் என்கிறது.

இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம், லைன் போகத்தான் செய்யும். அப்டேட் பக்கத்தில் தொடங்கிய வேலை சர்வரிலேயே பின்னால் ஓடுவதால் உங்கள் லைன் போனாலும் அது நடக்கும். ஆனால் உபுண்டு சர்வரில் அந்தப் பக்கம் நெட்வொர்க் மேனேஜர் என்ற புரோகிராமிடம் நெட் இருக்கிறதா என்று கேட்கிறது. அங்கே நெட்வொர்க்கை நடத்துவதோ வேறொரு புரோகிராம். அதனால்தான் ஆஃப்லைன் என்கிறது. சுற்றுவழிகள் உண்டு. இருந்தாலும் தூரத்தில் இருக்கிற சர்வரின் நெட்வொர்க்கை இதற்காகக் கலைக்க வேண்டாம். காக்பிட்டுக்குள்ளேயே டெர்மினல் இருக்கிறது, அதில் லைன் அறுந்தாலும் வேலையை விடாமல் பிடித்து வைக்கும் டிமக்ஸ் திறந்து அப்டேட் ஓட்டுங்கள். லைன் போய் வந்தாலும் விட்ட இடத்தில் இருக்கும்.

நாகர்கோவில், பாலிடெக்னிக் மாணவர்: மவுஸ் வைத்து சர்வர் பார்த்தால் கூட இருக்கிறவர்கள் கேலி செய்கிறார்கள்.

செய்யட்டும் மக்கா. காக்பிட்டில் ஒரு சர்வீஸை நிறுத்திவிட்டு, அதே சர்வீஸை டெர்மினலில் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் (சர்வீஸின் நிலையைச் சொல்லும் கமாண்ட்) என்று கேட்டுப் பார். இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்லும், ஏனென்றால் காக்பிட் தனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொள்வதில்லை. இப்படி ஒரு மாதம் பழகினால் கமாண்ட் தானாக வந்துவிடும்.

கருங்கல்: போனிலேயே எல்லாம் செய்யலாமா?

போனுக்கும் சர்வருக்கும் நடுவே தனி டனல் போடும் வயர்கார்டு போட்டால் போனிலும் காக்பிட் நன்றாகவே திறக்கும். நின்றுபோன சர்வீஸை எழுப்புவது, லாக் பார்ப்பது வரை போனில் செய்யுங்கள். ஃபயர்வால் பக்கத்தை வீட்டுக்கு வந்து திறந்துகொள்ளலாம்.